டைப் செய்த வரி எங்கே போனது? நீண்ட ஏ.ஐ. உரையாடல்களில் தேடும் வழிகள்

கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தேட வேண்டும் என்றால் கண்ட்ரோல் + எப் கீகளை அழுத்த வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக் கொள்ளும் வழி இது. வேர்ட் தொகுப்பில் இது வேலை செய்கிறது. நோட்பேடில் வேலை செய்கிறது. இணையப் பக்கங்களிலும் வேலை செய்கிறது. ஆனால் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற ஏ.ஐ. சேவைகளில் பல நாட்கள் நடந்த நீண்ட உரையாடல் ஒன்றில் இதே கீகளை அழுத்தினால், நம் கையால் டைப் செய்த சொல்லுக்குக் கூட "இல்லை" என்ற பதில் வரலாம்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னை அழைத்தார். அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய். தினமும் காலையில் வீட்டிலேயே பரிசோதித்து, வந்த எண்ணை ஒரு ஏ.ஐ. உரையாடலில் டைப் செய்து வந்தார். அன்று சாப்பிட்டது என்ன, மாத்திரை போட்ட நேரம் எது என்பதும் அதில் இருந்தன. மூன்று மாதங்களாக ஒரே உரையாடல். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று முடிவு செய்ய, குறிப்பிட்ட ஒரு வாரத்தின் எண்களை டாக்டர் கேட்டிருந்தார்.

"தம்பி, நான் டைப் பண்ணினதெல்லாம் எங்கே போச்சு? கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். கண்ட்ரோல் + எப் அழுத்தித் தேதியைக் கொடுத்தால் 0/0 என்று காட்டியது. சரி, ஏ.ஐ.யிடமே கேட்போம் என்று அந்த வாரத்தின் எண்களைக் கேட்டிருக்கிறார். அது உடனே ஏழு நாட்களுக்கும் ஏழு எண்களை அழகான அட்டவணையாகக் கொடுத்து விட்டது. டாக்டரிடம் எடுத்துச் செல்லும் முன் எனக்கு ஒரு சந்தேகம். சர்க்கரை பார்க்கும் கருவியிலேயே பழைய அளவுகள் பதிவாகி இருக்கும் அல்லவா? எடுத்துப் பார்த்தோம். ஏழில் மூன்று எண்கள் ஒத்துப் போகவில்லை. ஏ.ஐ. 142 என்று கொடுத்த நாளில் கருவியில் இருந்த எண் 168. கருவியில் இருந்த எண்களையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

கம்ப்யூட்டரும் கெடவில்லை, அவர் டைப் செய்த வரிகளும் அழியவில்லை. பிறகு ஏன் இப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கண்ட்ரோல் + எப் ஏன் கை விரிக்கிறது?

கண்ட்ரோல் + எப் அழுத்தும்போது தேடுவது உங்கள் பிரவுசர். அது தன்னிடம் அப்போது இருக்கும் பக்கத்தில் மட்டுமே தேடும். உங்கள் உரையாடல் முழுவதும் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நீண்ட உரையாடல் முழுவதையும் ஒரே நேரத்தில் பிரவுசரில் இறக்கினால், ராம் நினைவகம் குறைவாக உள்ள கம்ப்யூட்டர்கள் திணறும். எனவே பல சேவைகள், திரையில் தெரியும் பகுதியையும் அதற்கு அருகில் உள்ள சிலவற்றையும் மட்டும் பிரவுசரில் வைக்கின்றன. நீங்கள் மேலே ஸ்க்ரோல் செய்யச் செய்ய, பழைய பகுதிகள் இறங்கும். சில தளங்களில், மேலே போகும்போது கீழே உள்ள பகுதிகள் பிரவுசரில் இருந்து நீக்கப்படுவதும் உண்டு. பக்கத்தில் இல்லாததைப் பிரவுசர் எப்படிக் காட்டும்? "0/0" என்றால் "உரையாடலில் இல்லை" என்று பொருள் அல்ல; "இப்போது இறக்கி வைத்துள்ள பகுதியில் இல்லை" என்றுதான் பொருள்.

வேறு சில காரணங்களும் உண்டு.

* நீங்கள் அனுப்பிய கேள்வியைப் பின்னர் எடிட் செய்து மீண்டும் அனுப்பி இருக்கலாம். சாட்ஜிபிடி, கிளாட் போன்றவற்றில் பழைய கேள்வியும் அதற்கு வந்த பதிலும் அழிவதில்லை, மறைந்து நிற்கும். அந்த இடத்தில் 1/2, 2/2 போன்ற எண்களும் இரு பக்க அம்புக் குறிகளும் இருக்கும். அம்பினை அழுத்திப் பழைய பதிப்பினைக் கொண்டு வந்தால்தான் அதில் தேட முடியும்.

* நீளமான டெக்ஸ்ட்டை காப்பி செய்து ஒட்டும்போது, சில சேவைகள் அதனை இணைப்புப் பைலாக மாற்றி விடுகின்றன. அதன் உள்ளே இருக்கும் சொற்கள் பக்கத்தில் இல்லை என்பதால் தேடலில் சிக்காது.

* ரசீதை அல்லது மருந்துச் சீட்டினைப் போட்டோ எடுத்து அனுப்பி இருந்தால், அதில் இருக்கும் எழுத்துகள் படம்தான். உரையாடல் பக்கத்தில் நடத்தும் தேடலில் அவை வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

* தேடும் கட்டத்தில் உள்ள ஆப்ஷன்களையும் கவனிக்கவும். பயர்பாக்ஸ் பிரவுசரில் "ஹோல் வேர்ட்ஸ்" என்ற ஆப்ஷன் உண்டு. இதில் டிக் இருந்தால் முழுச் சொல்லை மட்டுமே தேடும். தமிழில் தேடும்போது இந்த டிக் அடையாளத்தை எடுத்து விடுவது நல்லது. காரணம் அடுத்து வருகிறது.

தமிழில் தேடுவோருக்கு மட்டும் உள்ள சிக்கல்கள்

ஆங்கிலத்தில் "டேப்லட்" என்று தேடினால், அந்தச் சொல் பெரும்பாலும் அதே வடிவில்தான் இருக்கும். தமிழில் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது வடிவம் மாறுகின்றன. "புத்தகம்" என்று தேடினால் "புத்தகத்தை", "புத்தகத்தில்" என்பன கிடைக்காது. மாறாத பகுதியான "புத்தக" என்பதை மட்டும் கொடுத்தால் மூன்றும் கிடைக்கும். "வீடு" என்பது "வீட்டில்", "வீட்டை" என்று மாறும். எனவே "வீடு" என்று ஒரு முறையும், "வீட்" என்று ஒரு முறையும் தேட வேண்டும்.

அடுத்தது எழுத்துக் கூட்டல். நீங்கள் "சுகர்" என்று டைப் செய்திருப்பீர்கள். ஏ.ஐ. தன் பதிலில் "சர்க்கரை" என்றோ "நீரிழிவு" என்றோ எழுதி இருக்கும். நீங்கள் "மெட்பார்மின்" என்றால் அது "மெட்ஃபார்மின்" என்று எழுதும். நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. உங்கள் கேள்வியைத் தேடுகிறீர்களா, அதன் பதிலைத் தேடுகிறீர்களா என்று முதலில் முடிவு செய்து கொண்டு, அதற்கேற்பச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. யூனிகோட் முறையில் "கொ" என்ற எழுத்தினை இரண்டு வகையில் பதிய முடியும். "க" எழுத்தோடு ஒகரக் குறியீட்டினை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகச் சேர்ப்பது இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டும் ஒன்றே என்பதுதான் யூனிகோட் விதி. ஆனால் அந்த விதியைச் சரியாகப் பின்பற்றாத புரோகிராம்களில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. இதை விட மோசமானது ஔகாரம். "கௌரி" என்பதில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக, ஒற்றைக் கொம்பும் "ள" எழுத்தும் சேர்த்து "கெளரி" என்று டைப் செய்பவர்கள் பலர். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் இவை வேறு வேறு எழுத்துகளே. கண்ட்ரோல் + எப் போன்ற சாதாரணத் தேடல் இவற்றை ஒன்றாகக் கருதாது. "மௌனம்", "சௌகரியம்", "பௌர்ணமி" போன்ற சொற்களைத் தேடும்போது இதனை நினைவில் கொள்ளவும்.

எண்களைத் தேடுவது இவற்றை விட எளிது. எண்கள் உருபு ஏற்று மாறுவதில்லை. ஆனால் 1,50,000 என்பது 150000 என்றோ 1.5 லட்சம் என்றோ இருக்கலாம். தேதியும் அப்படியே. 12/3, 12.3, மார்ச் 12 என்று வகை வகையாக எழுதி இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும்.

ஏ.ஐ.யிடமே கேட்டால் என்ன?

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். "நான் முன்பு சொன்ன தொகை என்ன?" என்று கேட்கிறார்கள். குறுகிய உரையாடலில் சரியான பதில் கிடைக்கும். நீண்ட உரையாடலில் இதனை நம்பக் கூடாது.

ஏ.ஐ. மாடல் ஒரு நேரத்தில் எவ்வளவு டெக்ஸ்ட்டைக் கணக்கில் எடுத்துக் கொள்ள முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. இதனைக் கன்டெக்ஸ்ட் விண்டோ என்று அழைக்கின்றனர். டெக்ஸ்ட்டை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டி இந்த அளவைக் கணக்கிடுகிறார்கள். ஒரே செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவதைக் காட்டிலும் தமிழில் எழுதினால் பொதுவாக அதிக டோக்கன்கள் செலவாகும். எனவே தமிழ் உரையாடல் இந்த எல்லையை விரைவில் தொட்டு விடும். எல்லை தாண்டியதும், பழைய பகுதிகள் விடப்படும். அல்லது சுருக்கப்பட்டு, சுருக்கம் மட்டும் மாடலுக்குக் கொடுக்கப்படும். உங்கள் திரையில் பழைய வரிகள் அப்படியே இருக்கும். ஆனால் மாடல் அவற்றைப் பார்க்கவே இல்லை.

அப்போது "அது எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னால் நல்லது. சில வேளைகளில் அப்படிச் சொல்கிறது. பல வேளைகளில், இருக்கும் தகவல்களை வைத்துப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு பதிலை எழுதி விடுகிறது. வரிகள் விடப்படாத நிலையிலும், மாடல் கண்ட்ரோல் + எப் போல எழுத்து எழுத்தாகத் தேடுவதில்லை. அடுத்து வர வேண்டிய சொல் எது என்று கணித்துப் பதிலை உருவாக்குகிறது. எங்கள் தெருப் பெரியவருக்கு 168 என்பது 142 ஆனது இப்படித்தான். பதில் தவறு என்பதற்கு அந்த அட்டவணையில் எந்த அடையாளமும் இல்லை.

எனவே ஏ.ஐ.யிடம் கேட்பது என்றால் இப்படிக் கேளுங்கள்: "மார்ச் 12 அன்று நான் எழுதிய செய்தியை மாற்றாமல் அப்படியே கொடு. அது உன்னிடம் இல்லை என்றால் இல்லை என்று சொல்." கிடைக்கும் வரியில் இருந்து இரண்டு மூன்று சொற்களை எடுத்துக் கொண்டு, மேலே ஸ்க்ரோல் செய்து, அந்த வரியை நேரில் கண்டுபிடியுங்கள். நேரில் பார்த்தால் மட்டுமே நம்புங்கள். பணம், மருந்து, தேதி, பெயர் ஆகிய நான்குக்கும் இந்த விதியை விடாமல் கடைப்பிடிக்கவும்.

தேடிக் கண்டுபிடிக்கும் வழிகள்

1. முதலில் சரியான உரையாடலுக்குச் செல்லவும். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது பழைய உரையாடல்களில் தேடும் வசதி அதில் இல்லை. 2024 அக்டோபரில்தான் அதன் இணையப் பதிப்பில் இந்த வசதி அறிவிக்கப்பட்டது. இடது பக்கப் பட்டியலில் உள்ள தேடல் அடையாளத்தில் கிளிக் செய்து சொல்லைக் கொடுக்கலாம். இத்தகைய வசதி, எந்த உரையாடலில் அந்தச் சொல் இருக்கிறது என்று காட்டும். சரியாக அந்த வரியிலேயே கொண்டு போய் நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

2. உரையாடல் திறந்ததும், டைப் செய்யும் கட்டத்துக்கு வெளியே, பக்கத்தின் காலி இடத்தில் ஒரு கிளிக் செய்திடவும். பின்னர் மேலே ஸ்க்ரோல் செய்து கொண்டே செல்லவும். கொஞ்சம் மேலே சென்றதும் கண்ட்ரோல் + எப் அழுத்தித் தேடவும். கிடைக்கவில்லை என்றால் இன்னும் மேலே சென்று மீண்டும் தேடவும். மொபைல் போனில் குரோம் பிரவுசர் வழியாகப் பார்ப்பவர்கள், மூன்று புள்ளி மெனுவில் "பைண்ட் இன் பேஜ்" என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

3. உரையாடல் மிக நீளமானது என்றால், அதனை உங்கள் கம்ப்யூட்டருக்கே கொண்டு வந்து விடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். சாட்ஜிபிடியில் செட்டிங்ஸ் பிரிவில் டேட்டா கண்ட்ரோல்ஸ் சென்று, "எக்ஸ்போர்ட் டேட்டா" என்பதில் கிளிக் செய்திடவும். உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் வரும். அது 24 மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், வந்ததும் டவுன்லோட் செய்து விடவும். கிடைக்கும் ஜிப் பைலை விரித்தால், சாட் என்ற பெயரில் எச்.டி.எம்.எல். பைல் ஒன்று இருக்கும். அதனைப் பிரவுசரில் திறந்து கண்ட்ரோல் + எப் அழுத்தித் தேடலாம். பைல் பெரியது என்றால் திறக்கச் சற்று நேரம் ஆகும்; பொறுத்திருக்கவும். கிளாட் சேவையில் செட்டிங்ஸ், பிரைவசி பிரிவில் இதே போன்ற வசதி உண்டு. ஜெமினி பயன்படுத்துவோர் கூகுள் டேக்அவுட் தளத்தில் மை ஆக்டிவிட்டி பிரிவின் வழியாகப் பெறலாம். இந்த மெனுக்கள் அவ்வப்போது இடம் மாறும். "எக்ஸ்போர்ட்" என்ற சொல்லைத் தேடிக் கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இப்படி இறக்கும் பைலில் உங்கள் எல்லா உரையாடல்களும் இருக்கும். பிரவுசிங் சென்டரிலோ அலுவலகத்தின் பொதுக் கம்ப்யூட்டரிலோ இதனைச் செய்ய வேண்டாம்.

உங்கள் சேவை எப்படி? ஒரு சோதனை

நீங்கள் பயன்படுத்தும் சேவையில் கண்ட்ரோல் + எப் எவ்வளவு தூரம் செல்லும் என்று நீங்களே அறியலாம். நீளமான பழைய உரையாடல் ஒன்றைத் திறக்கவும். ஸ்க்ரோல் செய்து உச்சிக்குச் சென்று, உங்கள் முதல் கேள்வியில் அபூர்வமான ஒரு சொல்லைக் குறித்துக் கொள்ளவும். இப்போது எப் 5 கீயை அழுத்திப் பக்கத்தை ரீபிரெஷ் செய்திடவும். கீழ்ப்பகுதியிலேயே இருந்து கொண்டு அந்தச் சொல்லைத் தேடவும். கிடைத்தால் அந்த அளவுக்கு உரையாடல் இறக்கப்பட்டுள்ளது. கிடைக்கவில்லை என்றால், ஸ்க்ரோல் செய்து தேட வேண்டிய சேவை என்று அறிந்து கொள்ளலாம். ஒன்றைக் கவனிக்கவும்: இடது பக்கப் பட்டியலில் உள்ள தலைப்பில் அந்தச் சொல் இருந்தால், அதுவும் "1/1" என்று காட்டும். தலைப்பில் இல்லாத சொல்லாகப் பார்த்து எடுக்கவும்.

இனி தேடவே வேண்டாம் என்றால்

ஒரு உரையாடலுக்கு ஒரு பொருள் என்று வைத்துக் கொள்ளுங்கள். சமையல் குறிப்பும் வீட்டுக் கடன் கணக்கும் ஒரே உரையாடலில் வேண்டாம். ஏ.ஐ. தானாக வைக்கும் தலைப்பினை "ரீநேம்" கொடுத்து, உங்களுக்குப் புரியும் வகையில் மாற்றுங்கள். மாதம் ஒரு புதிய உரையாடல் தொடங்கி, தலைப்பில் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

பின்னால் தேட வேண்டி வரும் என்று தோன்றும் வரிகளில் ஓர் அடையாளச் சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். "குறிசுகர் 12.03 காலை 168" என்பது போல. "குறிசுகர்" என்ற சொல் வேறு எங்கும் வராது. அதைத் தேடினால் இந்த வரிகள் மட்டுமே கிடைக்கும். தேதியை எப்போதும் ஒரே வகையில் எழுதவும்.

முக்கியமான தகவலை உரையாடலில் மட்டும் விட்டு வைக்காதீர்கள். உரையாடலை டெலிட் செய்து விட்டால் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. "டெம்பரரி சாட்" முறையில் நடந்த உரையாடல் பட்டியலிலேயே வராது. எனவே நோட்பேடில் ஒரு பைல் திறந்து, வேண்டிய வரிகளை அன்றன்றே காப்பி செய்து ஒட்டுங்கள். சேவ் செய்கையில் என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்.-8 இருக்கிறதா என்று பார்க்கவும். புதிய விண்டோஸ் சிஸ்டங்களில் இதுவே தானாக இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் ஆன்சி என்று இருந்தால், தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக் குறிகளாக மாறி விடும். எண்கள் அதிகம் என்றால் எக்செல் தொகுப்பில் தேதிக்கு ஒரு நெட்டு வரிசை, அளவுக்கு ஒரு நெட்டு வரிசை என்று அமைத்தால் போதும்.

ஏ.ஐ.யின் உதவியும் இதில் நமக்கு வேண்டும். எக்செல் கணக்கில் உள்ள எண்களைக் காப்பி செய்து புதிய உரையாடலில் ஒட்டி, "இதில் சராசரி என்ன, எந்த நாட்களில் அதிகம்?" என்று கேளுங்கள். தகவல் அதன் கண் முன்னே இருப்பதால், பழைய உரையாடலை நினைவுபடுத்தச் சொல்வதை விட இது எவ்வளவோ மேல். சராசரியை எக்செலிலும் ஒரு முறை சரி பார்த்துக் கொள்ளலாம்.

இப்போது உங்கள் ஏ.ஐ. உரையாடல்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். காணாமல் போனால் கஷ்டம் என்று நினைக்கும் தகவல் அவற்றில் எது இருக்கிறது? மாத்திரை விவரமா, கடன் கணக்கா, மகளின் கல்லூரி விண்ணப்பமா? அந்த ஒன்றை மட்டும் இன்றே ஒரு பைலாக சேவ் செய்து, நினைவில் நிற்கும் பெயர் கொடுத்து வையுங்கள். அதில் கண்ட்ரோல் + எப் ஒரு போதும் ஏமாற்றாது.